பதினொரு நிமிட வாத்திய மெட்டல்: பதிவுக்கு முன் பகுதிகளை எப்படி வரிசைப்படுத்துவது?

பெருந்துறைக் கிட்டார்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு, பெருந்துறைப் பக்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாசிக்கிறோம்: இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். பாடகர் இல்லை, சேர்க்கும் எண்ணமும் இல்லை. டிராப் சி சுருதியில் (தடித்த தந்தியை C வரை இறக்கியது) பதினொரு நிமிட வாத்திய இசை ஒன்றை அமைத்திருக்கிறோம். அடுத்த மாதம் கோவையில் பதிவு. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு கிட்டார் மெட்டு) நன்றாகவே இருக்கிறது, ஆனால் தொடர்ச்சியாகக் கேட்டவர்கள் பாதிக்குமேல் மனம் ஒட்டவில்லை என்கிறார்கள்.

இப்போதைய வரிசை இதுதான். டிஸ்டார்ஷன் (கரகரப்பொலி) இல்லாத கிட்டாரில் மெதுவான தொடக்கம், நிமிடத்துக்கு 160 எண்ணிக்கை வேகத்தில் முதன்மை ரிஃப், மூன்றரை எண்ணிக்கையில் சுழலும் இரண்டாவது ரிஃப், முதல் லீட் (கிட்டார் தனி), ஏறத்தாழ 106 வேகத்தில் கனமான பகுதி, பேஸ் தனி, இரண்டாம் லீட், அதன்பின் முற்றிலும் புதிய இரண்டு ரிஃப்புகள், முடிவு. டிரம்ஸ் வாசிப்பவர் மூன்று நிமிடங்களை வெட்டச் சொல்கிறார். மற்றொரு கிட்டார் நண்பர் இதை இரண்டு தனி இசைகளாகப் பிரிக்கலாம் என்கிறார். ஸ்டூடியோவுக்குள் போனபிறகு இந்தப் பேச்சு எழக்கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

நொய்யல்கரை:

நீளம் உங்கள் சிக்கல் இல்லை என்றே நினைக்கிறேன். குரல் இருக்கும் பாட்டில் பல்லவி திரும்ப வரும்போது கேட்பவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். உங்கள் வரிசையில் முதன்மை ரிஃப் இரண்டாவது நிமிடத்தில் வந்து, பிறகு திரும்பவே இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில்கூடப் புதிய ரிஃப்புகளை அறிமுகப்படுத்துகிறீர்கள். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுபவர்கள் பாட்டையும் வசனத்தையும் மாற்றி மாற்றிக் கையாள்வதால்தான் கேட்பவர்கள் சலிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் எவ்வளவு தூரம் போனாலும் பழகிய மெட்டு திரும்பும் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது.

ஆகவே கடைசி இரண்டு புதிய ரிஃப்புகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முதன்மை ரிஃப்பை மாற்றிய வடிவில் கொண்டுவாருங்கள். அதே சுரங்களை 106 வேகத்தில் இரு கிட்டார்களும் ஹார்மனியாக வாசிக்கலாம்; அல்லது தொடக்கத்திலேயே டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டாரில் அந்த மெட்டின் நான்கு சுரங்களை மட்டும் காட்டிவிட்டு, முழு உருவத்தை இறுதிக்கு வைத்திருக்கலாம். எடுத்த ரிஃப்புகள் வீணாகாது, அடுத்த இசைக்கு உதவும்.

பேஸ் தனியை மட்டும் தொடாதீர்கள். 1986-இல் வெளியான மெட்டாலிகாவின் ‘ஓரியன்’ எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் வாத்திய இசை. அதன் நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் மெதுவான வேறொரு தாளத்தைத் தொடங்கும் இடம்தான் அதன் நீளத்தைத் தாங்குகிறது. உங்கள் பேஸ் தனியும் அந்த வேலையைச் செய்யும். அதற்கு முன்னும் பின்னும் லீட் நெருக்கியடிக்காமல் இடம் விட வேண்டும்.

பீளமேடு ஒலிப்பதிவு:

தம்பி, அமைப்பைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். பதிவு செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பகுதிகளைச் சுற்றுகளாக மட்டும் எண்ணாமல் நொடிகளாகவும் எண்ணிப் பாருங்கள். 160 வேகத்தில் நான்கு எண்ணிக்கைச் சுற்று ஒன்றுக்கு 1.5 நொடி, எனவே 32 சுற்றுகள் 48 நொடியில் முடியும். அதே 32 சுற்றுகள் மெதுவான பகுதியில் 72 நொடி எடுக்கும். தாளில் சமமாகத் தெரியும் இரண்டு பகுதிகள் காதில் சமமாக இருப்பதில்லை. ஆறாவது நிமிடத்தில் கவனம் நழுவுவதற்குக் கனமான பகுதியின் நீளமும் காரணமாக இருக்கலாம். அதைப் பாதியாக்கி வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது வேக மாற்றம். கிளிக்கை (வாசிக்கும்போது காதில் கேட்கும் தாள ஒலி) 106 என்று வைக்காமல் 106.67 என்று வையுங்கள். 160-இல் ஒன்றரை எண்ணிக்கை எடுக்கும் நேரமும் 106.67-இல் ஓர் எண்ணிக்கை எடுக்கும் நேரமும் ஒன்றே, 0.5625 நொடி. வேகமான பகுதியின் கடைசி மூன்று சுற்றுகளில் டிரம்ஸ் ஒன்றரை எண்ணிக்கைக்கு ஓர் அழுத்தமாக எட்டு அடி கொடுத்தால், மெதுவான தாளம் முன்கூட்டியே கேட்பவர் உடலுக்குள் வந்துவிடும். மாற்றம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியாது. பதிவுக்கு வரும்போது இந்த வேகங்கள் எல்லாம் பதிந்த கிளிக் கோப்பையும், அதன்மேல் வாசித்த வழிகாட்டிக் கிட்டாரையும் கொண்டுவந்தால் ஸ்டூடியோ நேரம் நிறைய மிஞ்சும்.

பதினொரு நிமிடங்களையும் டிரம்ஸ் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே நிறுத்தி எடுக்கலாம் என்பதை அமைக்கும்போதே முடிவு செய்யுங்கள். அனைவரும் சேர்ந்து நிற்கும் ஓர் அடி, அதன்பின் சிம்பல் ஒலி முழுதாக அடங்கும்வரை ஓர் இடைவெளி இருந்தால் இணைப்பு தெரியாது. டபுள் பேஸ் (இரு கால்களாலும் வேகமாக அடிக்கும் பேஸ் டிரம்) ஓடிக்கொண்டிருக்கும்போது இணைத்தால் சிம்பலின் வால் அறுபட்டுக் கேட்கும்.

கடைசியாக ஒன்று. மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் இறுதி வேலை) முடிந்தபின் மெல்லிய பகுதிக்கும் பலத்த பகுதிக்கும் உள்ள ஒலியளவு வேறுபாடு குறைந்துவிடும். அதனால் ஏற்ற இறக்கத்தை ஒலியளவில் மட்டும் நம்பி வைக்காதீர்கள். முதன்மை ரிஃப் முதன்முறை வரும்போது ஒரே கிட்டார் ஒரு பக்கத்தில் மட்டும் வாசிக்கட்டும்; இறுதியில் இரு பக்கமும் நிறையட்டும். பேஸ் தனியில் ரிதம் கிட்டார் முழுவதும் விலகிவிடட்டும்.

சென்னிமலை டிரம்ஸ்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. முதன்மை ரிஃப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் நீங்கள் மெனக்கெட்டு அமைத்த இரண்டாவது ரிஃப் ஓரங்கட்டப்படும். இந்த இசையில் புதுமையானது அதுதான். டிரம்ஸ் நான்கு எண்ணிக்கையிலேயே நிலையாக நிற்க, மூன்றரை எண்ணிக்கை ரிஃப் அதன்மேல் நகர்ந்துகொண்டே போய், எட்டு முறை சுழன்றபின் ஏழாவது சுற்றின் முடிவில் இரண்டும் ஒன்றாகச் சேரும். அந்தச் சேரும் இடத்தை உச்சமாக்குங்கள்.

இரண்டாம் லீடை நீளமாக வைப்பதைவிட, தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வாசிப்பதுபோல் இரு கிட்டார்களும் எட்டுச் சுற்று, நான்கு, இரண்டு, ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுருக்கிக்கொண்டே வந்து, அந்தச் சேரும் இடத்தில் விழலாம். வெட்டச் சொன்ன நண்பருக்கும் இதில் நியாயம் கிடைக்கும்.

பெருந்துறைக் கிட்டார்:

அண்ணன்மார் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நால்வரும் உட்கார்ந்து பேசினோம். இறுதியில் இருந்த இரண்டு புதிய ரிஃப்புகளை எடுத்துவிட்டோம், கனமான பகுதியைப் பாதியாக்கினோம். இசை இப்போது ஒன்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் நிற்கிறது. இரண்டாகப் பிரிக்கும் யோசனையைக் கைவிட்டோம். குறைப்பு முறை டிரம்ஸ் வாசிப்பவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அது முடிந்து விழும் இடத்தில் முதன்மை ரிஃப் மெதுவாக வர வேண்டுமா, மூன்றரை எண்ணிக்கை ரிஃப்பின் கடைசிச் சுழற்சி வர வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 106.67 கிளிக்கோடு இரண்டையும் வாசித்து ஞாயிற்றுக்கிழமை டெமோவாக இங்கே ஏற்றுகிறேன். பேஸ் தனியிலிருந்து முடிவுவரை மட்டும் கேட்டுச் சொன்னாலும் போதும்.