தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் மிச்சங்கள்: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

திருவாரூர்க்காரன்
தஞ்சாவூர் – நாகப்பட்டினம் தடத்தில் வாய்க்கால் பாலம் ஒன்றைத் தண்டவாள இடைவெளி கூடிய அகலப்பாதைக்காக இடித்துக்கொண்டிருந்தபோது, தண்டவாளம் பராமரித்து ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் பழைய செங்கல் சுவரின் மேல் ஏறித் தம் கைத்தடியைக் குறுக்கே கிடத்தி, "மீட்டர் கேஜுக்கு எவனாவது இவ்வளவு அகலமாகக் கட்டுவானா, தம்பி?" என்று கேட்டார். ஆங்கிலேயர் காலத்துக் கிரேட் சதர்ன் இரயில்வே கம்பெனி 1860-களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து போட்டதே அகலப்பாதைதான். 1874-இல் அது கர்நாடிக் கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆனபின், சிக்கனம் கருதி அதைக் குறுகிய மீட்டர் பாதையாகச் (மீட்டர் கேஜ்) சுருக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்துப் பெருஞ்செலவில் பழைய அகலத்துக்கே திரும்பியிருக்கிறோம். சுவரின் மறு விளிம்பை எட்டாமல் கிடந்த அந்தக் கைத்தடி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பொன்மலை மருமகள்
என் கணவரின் தாத்தா நாகப்பட்டினம் பணிமனையில் ஃபிட்டராக இருந்து, பணிமனை திருச்சி பொன்மலைக்கு மாறியபோது குடும்பத்தோடு இங்கே வந்தவர். பீரோவை ஒழுங்குபடுத்தும்போது புடவை மடிப்பிலிருந்து தொழிலாளி எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று விழுந்தது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாமா என்று நான் கேட்டதுதான் தாமதம், அத்தை அதை வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி உயர்வுக்காக நடந்த 1928 வேலைநிறுத்தத்தில் தாத்தாவும் இருந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள்.

மண்டபம் வாசகர்
சகோதரி, அதைக் கூலிப் போராட்டம் என்று சுருக்குவது சரியாகாது. பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கும் வேளையில் கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியதே மூல காரணம். ஜூலையில் மூண்டு அம்மாத இறுதிக்குள் ஒடுக்கப்பட்ட அந்தப் போராட்டத்துக்காகத் தொழிலாளர் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத்தண்டனை பெற்றார்கள். இன்னொன்று: டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எண் மழுங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இருபுறமும் படமெடுத்து வையுங்கள். தாத்தா எந்தப் பிரிவில், யாரோடு வேலை பார்த்தார் என்பதை அத்தை சொல்லச் சொல்லப் பதிவுசெய்யுங்கள். கேள்வி கேட்டு அவசரப்படுத்தினால் வாயே திறக்கமாட்டார், சமையலுக்கிடையே பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். பழம்பொருள் வாங்குவோர் யார் வந்தாலும் காட்டாதீர்கள்.
என் அனுபவம் சிறியது. தனுஷ்கோடி மணலில் மீனவப் பெரியவர் ஒருவர் குதிகாலால் கோடு கிழித்து, "இது பிளாட்பாரம், அங்கே இலங்கைத் தலைமன்னாருக்குப் போகும் கப்பல்" என்று காட்டினார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பு வரை போக வழிசெய்தது இந்தக் கம்பெனி என்பது நமக்குப் பெருமைதானே?

கண்டிப் பேரன்
பெருமை யாருக்கு, ஐயா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோனதும் அதே தடத்தில்தான். உங்கள் ஊரின் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு என்று அடைத்துவைத்து, அதன்பிறகே கப்பலேற்றினார்கள். அந்த முகாமைப் பற்றிக் கேட்டபோது என் பாட்டி, கட்டியிருந்த சேலையை மருந்துப் புகைக்கு வாங்கிக்கொண்டு போனதை மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகாமின் பதிவேடுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், ஊர்ப்பெயரும் சாதியும் மட்டும்தான் அதில் இருக்குமா, பெண்களின் பெயரும் இருக்குமா என்று எழுதுங்கள்.