கேம் போட்டால் லேப்டாப் திணறுகிறது, அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோரையாறு_04 | வியாழன் இரவு 11:20
கேம் போட்டால் பத்து நிமிடத்தில் லேப்டாப் திணற ஆரம்பிக்கிறது. முதலில் நன்றாக ஓடுகிறது, அப்புறம் படம் படமாக நகர்கிறது. பொங்கல் வரை இப்படி இல்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஒரு போட்டி இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

மன்னை_பையன் | 11:31
என்ன லேப்டாப், என்ன கேம்?

தெர்மல்தாசன் | 11:34
வேறொன்றும் இல்லை, பிராசசர் சூட்டைக் கடத்த மேலே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மூன்று வருடம் ஆனாலே கட்டியாகிவிடும். புதிதாகத் தடவினால் 10 டிகிரியாவது குறையும். என் மெஷினில் நானே தடவினேன், அரை மணி நேர வேலை.

பழையகை | 11:52
பிராசசர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்ன, ரேம் எவ்வளவு, சூடு எத்தனை டிகிரி, எதுவும் இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பது போல இருக்கிறது. கேள்வி கேட்கும் முன் இந்த நான்கையும் எழுதப் பழக வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அப்புறம், 60 ஆயிரத்துக்குள் வரும் கேமிங் லேப்டாப் பெரும்பாலானவற்றில் பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே ஹீட் பைப்தான் (சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்) ஓடும். ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

கோரையாறு_04 | வெள்ளி காலை 7:05
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐ5 10300எச், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, ரேம் 8 ஜிபி. 2021 ஆகஸ்டில் 59 ஆயிரத்துக்கு வாங்கியது. வேலரன்ட், ஜிடிஏ 5 இரண்டிலும் இதே கதைதான். சார்ஜர் எப்போதும் போட்டேதான் இருக்கும்.

அரசலாற்றங்கரை | 7:40
நானும் இதே பிராசசர், இதே கார்டு உள்ள மெஷினைத்தான் நாலரை வருடமாக வைத்திருக்கிறேன். என் அனுபவம் சொல்கிறேன். வாங்கும்போது ஒரே ஒரு 8 ஜிபி ரேம்தான் இருந்தது. இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டதும் ஜிடிஏவில் வந்த திடீர்த் தடுமாற்றம் பாதி போய்விட்டது. மூன்றாவது வருடம் கீல் பக்கம் விரிசல் விட்டது. அதிலிருந்து மூடியை ஓரத்தைப் பிடித்துத் திறப்பதில்லை, நடுவில் பிடித்துத்தான் திறக்கிறேன். கம்பெனி கொடுத்த மென்பொருளில் பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் வசதி இருக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைப் போட்டுவிட்டேன். புது கேம்களுக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் போதவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலரன்ட் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அதனால் உங்கள் பிரச்சினை மெஷினுக்கு வயசானதால் மட்டும் வந்ததில்லை. கேம் ஓடும்போது சூடு எவ்வளவு போகிறது, பிராசசர் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்துப் போடுங்கள்.

வயல்வெளி | 8:15
எந்த ஊர்? டெல்டாவாக இருந்தால் வோல்டேஜ்தான் காரணம். மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லா பம்புசெட்டும் ஒரே நேரத்தில் ஓடும், எங்கள் வீட்டில் 170 வரை இறங்கும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்கள்.

பழையகை | 8:22
சார்ஜர் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். 170 அதற்குள்தான் வருகிறது. ஸ்டெபிலைசர் ஃபிரிட்ஜுக்கு வேண்டும், இதற்கு வேண்டாம்.

வயல்வெளி | 8:40
புத்தகக் கணக்கு வேறு, ஊர் நிலைமை வேறு ஐயா. எங்கள் தெருவில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு சார்ஜர் போயிருக்கிறது.

அரசலாற்றங்கரை | 8:51
அது இடியால் போயிருக்கும், குறைந்த வோல்டேஜால் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினாலே நான் சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, மெட்டல் மூடியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கும். அதைத்தான் முதலில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

பழையகை | 9:30
இந்தத் தலைவலியெல்லாம் டெஸ்க்டாப்பில் இல்லை. அதே பணத்துக்கு இதைவிட நல்ல கார்டு, பெரிய ஃபேன், தனித்தனியாக மாற்றிக்கொள்ளும் பாகங்கள் கிடைக்கும். கேம் ஆட லேப்டாப் வாங்குவது தவறு.

வேதை_உப்பளம் | 10:10
ஊருக்கு ஊர் தேவை மாறும் அண்ணா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம்தான். கம்பம் மொத்தமும் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தம்பியின் புராஜெக்ட் லேப்டாப்பில்தான் இருந்தது. ஜெனரேட்டர் வைத்த கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து முடித்தான். டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சாதாரண நாளிலேயே ஒரு கரண்ட் கட்டில் டெஸ்க்டாப் சட்டென்று அணைந்துவிடும்.

பழையகை | 10:18
யுபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது.

வேதை_உப்பளம் | 10:25
வாரக்கணக்கில் தாங்கும் யுபிஎஸ் எங்கள் ஊரில் இல்லை. கல்லூரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு ஒரே மெஷின்தான் வாங்கித் தர முடியும், அதில்தான் படிப்பு, கேம் எல்லாம்.

தெர்மல்தாசன் | 10:40
பேஸ்ட் மாற்றுங்கள் என்று நேற்றே சொன்னேன். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெரிய சார்ஜர் சூடாகி இரையும், சைன் வேவ் என்றால் கவலை இல்லை.

கோரையாறு_04 | வெள்ளி மாலை 6:48
பார்த்துவிட்டேன். பிராசசர் 97, 98 டிகிரி காட்டுகிறது. வேகம் 4.1 ஜிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1.2க்கு இறங்குகிறது. இன்வெர்ட்டர் இல்லை. ஊர் நீடாமங்கலம் பக்கம், வாசலிலேயே களம், இப்போது அறுவடை நேரம். ஜன்னல் ஓரக் கட்டிலில் வைத்துதான் ஆடுவேன். டச்பேட் இடது பக்கம் அழுத்தினால் கிளிக் விழவில்லை, அது வேறு பிரச்சினை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குடந்தை_சர்வீஸ் | 7:02
தம்பி, அது வேறு பிரச்சினை இல்லை. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மெஷினை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடு. மூடிவைத்து மேஜை மேல் வை. நாலு மூலையும் சமமாக உட்காருகிறதா, ஆடுகிறதா? டச்பேட் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிட உயர்ந்திருக்கிறதா?

கோரையாறு_04 | 7:09
ஆடுகிறது. டச்பேட் ஒரு பக்கம் மேடாக இருக்கிறது. இதுவரை கவனிக்கவில்லை.

குடந்தை_சர்வீஸ் | 7:25
பேட்டரி உப்பியிருக்கிறது. இந்த மாதிரி மெஷின்களில் டச்பேடுக்கு நேர் கீழே பேட்டரி இருக்கும். உள்ளே வாயு சேர்ந்து உப்பும்போது அடியிலிருந்து முட்டும், அதனால்தான் கிளிக் விழவில்லை. நாலரை வருடம் 100 சதவீதத்திலேயே சார்ஜர் போட்டபடி, அதுவும் சூட்டில் இருந்தால் இப்படி ஆகும். இனி சார்ஜ் போடாதே. டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதே. கழற்றினால் குத்தவோ மடக்கவோ கூடாது, உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவம். குப்பையிலும் போடாதே, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடு.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் களம்தான். கும்பகோணத்தில் தை, மாசியில் என் மேஜைக்கு வரும் மெஷினைத் திறந்தால் தூசி வேறு மாதிரி இருக்கும். வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் பொடியாக இருக்கும். அறுவடை நேரத்தில் நெல் சுணை உள்ளே போய் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் அப்படியே ஒரே துண்டாக உரிந்து வரும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வெளியே போகாது. கட்டில் மெத்தையில் வைத்தால் அடியில் காற்று இழுக்கும் துவாரமும் அடைபடும்.

வெளியிலிருந்து பிளோயர் அடிக்காதே, சுணை இன்னும் உள்ளே போய் இறுகும். பின் மூடியைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். பழக்கம் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய், பேட்டரி உப்பியிருக்கிறது என்று சொல்லியே கொடு. ஹீட்சிங்கை, அதாவது சூட்டை வாங்கும் அந்தச் செம்புத் தகடுகளை, கழற்றும்போது பேஸ்டையும் மாற்றச் சொல், தெர்மல்தாசன் சொன்னதில் தப்பில்லை.

பழையகை | 8:10
டச்பேட் விஷயத்தை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சம். பேட்டரி பற்றிச் சொன்னது சரிதான்.

கோரையாறு_04 | சனி இரவு 9:55
மன்னார்குடியில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு செல் உப்பியிருந்தது. சுணை நீங்கள் சொன்ன மாதிரியே துண்டாக வந்தது, கடைக்காரர் என் கையில் கொடுத்தார். பேஸ்டும் மாற்றியாச்சு. பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் அங்கேயே அரை மணி நேரம் ஓட்டினோம், 83 டிகிரிக்கு மேல் போகவில்லை. புது பேட்டரி வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை இப்படியே கேம் ஆடலாமா? எல்லோருக்கும் நன்றி.

குடந்தை_சர்வீஸ் | 10:20
ஆடலாம். கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும், பார்த்துக்கொள். சில மாடல்கள் பேட்டரி இல்லையென்றால் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும், உன்னுடையதில் குறைகிறதா?

மன்னை_பையன் | திங்கள் காலை 8:03
போட்டி என்ன ஆச்சு?

வேதை_உப்பளம் | திங்கள் இரவு 9:12
இதைப் படித்துவிட்டுத் தம்பி மெஷினை மேஜையில் வைத்துப் பார்த்தேன். அதுவும் ஆடுகிறது. திருத்துறைப்பூண்டியில் யாரிடம் காட்டலாம்?

குடந்தை_சர்வீஸ் | 9:15
சார்ஜரை இப்போதே கழற்றுங்கள். என்ன மாடல்?