கதிரையில இருக்கிற பெண்: பழைய எண்ணெய் ஓவியம் வெடிக்குது

பூவரசு:
1890களில கான்வஸில வரைஞ்ச படம், 75 × 60 செ.மீ. முகம், கை, சீலைக்கரை எல்லாம் நல்லாயிருக்கு. பின்னாலுள்ள கடும் கபிலமும் கதிரைக்குக் கீழ் நிழலும் மட்டும் முதலைத்தோல் மாதிரி அகலமாய்ப் பிளந்து கிடக்கு. முழுக்க மஞ்சள் படர்ந்திருக்கு. இடப்பக்கக் கீழ்மூலை புடைச்சிருக்கு. தேங்காய் எண்ணெய் பூசித் துடைக்கச் சொல்லினம். செய்யலாமோ?

வடலி:
தயவுசெய்து பூசாதையுங்கோ. தேங்காய் எண்ணெய் காயாது. வெடிப்புக்குள்ள இறங்கித் தூசியைப் பிடிச்சு வைக்கும், பிறகு எடுக்கேலாது. சவர்க்காரத் தண்ணியும் கூடாது. அடிப்பூச்சுப் பசை ஊறி வர்ணம் செதில் செதிலாய்க் கழரும்.

அந்த வெடிப்பு தாரால வந்தது. நிழலுக்கு ஆழம் குடுக்க அந்தக் காலத்தில நிலத்தாரை (பிற்றுமின் எண்ட கறுப்புத் தார்) வர்ணத்தோட கலந்து பூசுவினம். அது ஒருநாளும் முழுசாய்க் காயாது. மேல்பூச்சு காய்ஞ்சு சுருங்க, கீழ இருக்கிற தார் வழுகும், பூச்சு பிளக்கும். முகத்தில ஈயவெள்ளை (ஈயத்தால செய்த வெள்ளை வர்ணம்) அதிகம், அது கெதியாய் இறுகிடும். அதுதான் முகம் தப்பினது.

மஞ்சள், பழைய வார்னிஷ். கரைப்பான் போட்டால் போகும், ஆனால் தாரும் அதே கரைப்பானில கரையும். முகத்தில சரிவந்த முறை நிழலில படத்தையே அழிச்சுப்போடும். ஓவியப் பாதுகாப்பு படிச்ச ஆளிட்டத்தான் குடுக்கவேணும்.

கண்டல்:
முதல்ல 10 மடங்கு பெருப்பிச்சுக் காட்டுற லென்ஸ் பிடிச்சுக் கன்னத்தைப் பாருங்கோ. புள்ளி புள்ளியாய்த் தெரிஞ்சால் அச்சுப்படம். 1894இல பம்பாயில ரவிவர்மா அச்சகம் தொடங்கினாப்பிறகு எண்ணெய் ஓவியம் போல அச்சுப்படங்கள் நிறையப் பரவினது. ஆனால் தார்வெடிப்பு அச்சில வராது, உங்கட படம் கையால வரைஞ்சதாய்த்தான் இருக்கும்.

வடலி:
மூலைப் புடைப்புக்குப் பின்பக்கம் பாருங்கோ. சட்ட மூலையில அடிச்ச சின்ன மர ஆப்பு கழண்டு, கீழ்ச்சட்டத்துக்கும் கான்வஸுக்கும் இடையில விழுந்து கிடக்கும். படத்தை நிமிர்த்தி வைச்சபடி மெல்லிய மட்டையால தள்ளி எடுங்கோ. ஆப்பை அடிச்சுக் கான்வஸைத் திரும்ப இறுக்க வேண்டாம், முக்கியமாய் மாரியில. ஈரத்தில தொய்ஞ்சிருக்கேக்க இறுக்கினால், பங்குனி வெயிலில விறைச்சு வர்ணம் தெறிக்கும்.

பூவரசு:
எங்க கொழுவலாம்?

கண்டல்:
வாடைமழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவரில கொழுவுங்கோ. சட்டத்தின்ர கீழ்மூலை இரண்டிலும் 2 செ.மீ. தக்கைத்துண்டு ஒட்டினால் பின்னால காத்தோடும், பூஞ்சணம் குறையும். குத்துவிளக்குப் புகையும் மேல்விளக்குச் சூடும் படக்கூடாது. சூட்டில தார் இளகும். தூசிக்கு மெத்தென்ற ஆட்டுமயிர்த் தூரிகை போதும். துணி வேண்டாம், நூல் வெடிப்பு விளிம்பில மாட்டி வர்ணத்தைப் பிடுங்கும்.