‘பிளீடர் ரெசிஸ்டர்’ என்பதற்கு ‘வடிதடையி’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியில் தமிழ்மொழி மூலம் தொழில்நுட்பவியல் கற்கும் மாணவர்களுக்காக, ஆய்வு மேசையில் பயன்படும் வலு வழங்கியொன்றைப் (பவர் சப்ளை) பாதுகாப்பாகப் பிரித்து உறுப்புகளை இனங்காணும் செய்முறைத் தாளொன்றை எழுதிவருகிறேன். நிலைமாற்றி (டிரான்ஸ்போமர்), இருவாயி (டையோட்), சீராக்கி (ரெக்டிபையர்), கொள்ளளவி (கப்பாசிற்றர்), உருகி (பியூஸ்) என்று பெரும்பாலானவற்றுக்கு நம் பாடநூல்களிலேயே சொல் இருக்கிறது. சொல் இல்லாமல் நிற்பது, மின்னை நிறுத்திய பின் கொள்ளளவியில் தேங்கிய ஏற்றத்தை வெளியேற்றும் தடையியான ‘பிளீடர் ரெசிஸ்டர்’ மட்டுமே. மூடியைத் திறப்பவரின் உயிரோடு தொடர்புடைய உறுப்பு அதுதான் என்பதால், அதை ஆங்கிலப் பெயரோடு விட்டுவிட எனக்கு மனமில்லை.

அதன் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ற்று ஆடலோட்டத்தை (ஏசி) நேரடியாகச் சீராக்கும் ‘சுவிட்ச் மோட்’ வகை வழங்கியில், முதன்மைப் பக்கக் கொள்ளளவி ஏறத்தாழ 325 வோல்ற்று வரை ஏற்றம் பெறுகிறது. அது 220 மைக்ரோபரட் கொள்ளளவியாக இருந்தால் 11 யூலுக்கும் அதிகமான சக்தி அதில் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உடனே போய்விடாது. அக்கொள்ளளவியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பிளீடர் ரெசிஸ்டராக 100 கிலோ ஓம் தடையியொன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் நேர மாறிலி, அதாவது வோல்ற்றளவு ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறைய எடுக்கும் நேரம், 22 செக்கன் ஆகும். அதன் ஐந்து மடங்கான 110 செக்கன் கழிந்ததும் மிஞ்சுவது 2 வோல்ற்றை ஒட்டிய அளவுதான். நிலைமாற்றி கொண்ட பழைய வகை வழங்கியில் வோல்ற்றளவு குறைவு, ஆனால் கொள்ளளவி பெரிது. 40 வோல்ற்றில் நிற்கும் 10,000 மைக்ரோபரட் கொள்ளளவி, குறுக்கே விழும் மோதிரத்தைச் சுடவைத்து விரலைப் புண்ணாக்கப் போதுமான 8 யூல் சக்தியை வைத்திருக்கும்.

இதற்கு முன்னர் இங்கே இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டன. ‘கசிவுத் தடை’ என்பதை நான் ஏற்கவில்லை. கசிவு என்பது வேண்டாத இடத்தில், வேண்டாத வழியில் நிகழ்வது. நுவரெலியா போன்ற பனிமூட்டமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் சுற்றுப் பலகையில் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி, தடங்களுக்கிடையே சிறிதளவு ஓட்டத்தைக் கடத்துவதுண்டு; கசிவோட்டம் என்று நாம் சொல்லவேண்டியது அதைத்தான். வடிவமைத்தவர் தெரிந்தே வைத்த ஓர் உறுப்புக்கும் பழுதின் அறிகுறியொன்றுக்கும் ஒரே வேர்ச்சொல் இருந்தால் மாணவர் குழம்பிப்போவார். ‘இறக்கத் தடையி’ பொருளில் பிழையற்றது. ஆனால் மின்னிறக்கம் என்ற சொல் மின்னலுக்கும் வாயுக் குழாய்க்கும் பழகிப்போனது. கேட்டவுடன் கண நேரத்தில் முடிந்துவிடும் நிகழ்வே நினைவுக்கு வருகிறது.

என் முன்மொழிவு ‘வடிதடையி’. வடிகான், வடிகட்டி என்பவற்றில் உள்ள அதே ‘வடி’. மலையகத்தில் கான் வெட்டத் தெரிந்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை: மழை விட்டதும் கானில் நீர் வேகமாக ஓடும், பிறகு மெலியும், நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். கொள்ளளவியின் வோல்ற்றளவு இறங்கும் வளையியும் அதே போக்கில்தான் செல்கிறது. நேரமெடுக்கும் செயல் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால், பிளக்கைக் கழற்றிய கையோடு மூடியைத் திறக்கக்கூடாது என்று மாணவருக்குத் தனியே அழுத்திச் சொல்லும் வேலை பாதியாகக் குறைகிறது.

இதற்கு எழக்கூடிய மறுப்பொன்றை நானே சொல்கிறேன். புலவிளைவுத் திரான்சிற்றரின் (எப்.ஈ.ரி.) ‘ட்ரெயின்’ எனப்படும் முனையை ‘வடிகால்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தத் திரான்சிற்றரும் இதே பலகையில்தான் இருக்கிறது. ஆனாலும் ‘தடையி’ என்ற ஈறு சேர்ந்தபின் இரண்டையும் ஒன்றென எவரும் கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெயர் எவ்வளவு நல்லதாயினும் அந்த உறுப்பை நம்பிக் கை வைக்கக்கூடாது என்பதும் தாளில் இடம்பெறவேண்டும். மேலே சொன்ன 100 கிலோ ஓம் தடையி, வழங்கி இயங்கும் நேரமெல்லாம் ஏறத்தாழ 1 வாற்று வெப்பத்தை வெளியிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் அடியில் பலகை பழுப்பேறி, ஈயப் பற்றில் வளையம் போன்ற வெடிப்பு விழுந்து, தடையி சுற்றிலிருந்து பிரிந்துவிடலாம். அப்போதும் வழங்கி வழமைபோலவே இயங்கும். வெளியீட்டில் எந்த மாற்றமும் தெரியாது. எனவே, பிளக்கைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்து, மல்டிமீற்றரை முதலில் தெரிந்த வோல்ற்றளவொன்றில் சோதித்துவிட்டு, பின்னரே கொள்ளளவியின் முனைகளில் அளக்கவேண்டும். மீதி இருந்தால், காவலிட்ட கம்பிகளில் இணைத்த சில கிலோ ஓம் கம்பிச்சுற்றுத் தடையியால் அதை வடிக்கவேண்டும். ஸ்குரூ ட்ரைவரால் இரு முனைகளையும் குறுக்கே இணைப்பது தீப்பொறியையும் உருகிய உலோகத் துளிகளையுமே தரும். கையால் செய்யும் இச்செயலை ‘ஏற்றம் வடித்தல்’ என்று எழுதியிருக்கிறேன். உறுப்பின் பெயரும் செயலின் பெயரும் ஒரே வேரிலிருந்து வருவது கற்பிக்க வசதி.

இன்னொன்றுக்கும் சொல் தேவை. முழுவதும் வடித்த மின்பகு கொள்ளளவியில், மின்கோடுபுகு ஊடகம் (தகடுகளுக்கு இடையிலுள்ள காவலிப் படலம்) உள்வாங்கியிருந்த ஏற்றம் மெல்ல வெளிப்பட்டு, சற்று நேரத்தில் வோல்ற்றளவு மீண்டும் எழுகிறது. இதை ‘மீளெழு வோல்ற்றளவு’ எனலாமா? மாணவர் இரண்டாம் முறையும் அளக்கவேண்டியதன் காரணம் இதுவே.

தமிழகத்து நண்பர்கள் மின்தேக்கி, மின்மாற்றி, மின்தடையம் என்று எழுதிப் பழகியவர்கள். அவர்களுக்கு ‘வடிதடையம்’ இயல்பாக இருக்கும். முன்னொட்டு ஒன்றாக இருந்தால் ஈறு வேறுபடுவதில் எனக்கு மறுப்பில்லை. ‘மீளெழு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால், தாள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். அந்த வரியை இப்போதைக்கு வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.