லயத்து வீட்டைக் காலி செய்வதும் தேவ சித்தமா?

ஆயாக்கொட்டகை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டை விற்றுவிட்டார்கள், தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, வரப்போகிறதாம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மாற்று வீடு கேட்டுச் சில குடும்பங்கள் வழக்குப் போடப் போகின்றன. சபையில் ஓர் அக்கா, வீட்டுக் கூட்டத்தில் இதற்காக ஜெபிக்கக் கேட்டார். மூப்பர் ஒருவர், "கர்த்தருடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடும்மா. வழக்கு வம்பெல்லாம் வேண்டாம். இப்படித்தான் ஆவியில் வளர முடியும்" என்றார். அதற்குப் பிறகு அக்கா ஆராதனைக்கு வருவதில்லை. மூப்பர் சொன்னது சரியா?

பழைய தண்டல்:
சரிதான் என்பேன். கெத்செமனேயில் ஆண்டவர் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்றுதான் ஜெபித்து முடித்தார். பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது எபிரெயர் 5:8. குமாரனுக்கே அந்தப் பாடம் இருந்ததென்றால் நாம் எம்மாத்திரம்? பவுல் தன் மாம்சத்திலே இருந்த முள், அதாவது தன்னை வதைத்த பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது.

இதை நான் படித்துவிட்டுப் பேசவில்லை. வளர்ந்த மகனை மண்ணில் வைத்தவன். ஏன், ஏன் என்று கர்த்தரோடு மல்லுக்கு நின்ற காலமெல்லாம் ஒரு சங்கீதம்கூட வாசிக்க முடியவில்லை. நீர் கொடுத்தீர், நீர் எடுத்தீர் என்று யோபுவைப்போலச் சொல்ல முடிந்த பிறகுதான் மறுபடி ஜெபம் வந்தது. ரப்பர் மரத்தைச் சீவாமல் பால் வராது பிள்ளைகளே.

லயத்து வீடு:
ஐயா, உங்கள் மகனைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. ஆனால் மரணமும் காலி செய்யச் சொல்லும் கடிதமும் ஒன்றா? மகனைப் பற்றி நீங்கள் கர்த்தரிடம் மட்டும்தான் கேட்க முடியும். வீட்டை எடுப்பவர்கள் மனிதர்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

சீவுவதைப் பற்றி, தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தி பட்டையைத் தாண்டி இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி சரியாக வளராது. அப்படிச் சீவினவர்களை நீங்களே ஏசியிருப்பீர்கள்.

எண்ணாகமம் 27-ஐ எடுத்துப் பாருங்கள். செலொப்பியாத்துக்கு ஐந்து பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. அப்பா இறந்ததும் நிலமில்லாமல் போகும் நிலை. அவர்கள் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று, எங்களுக்கும் காணியாட்சி, அதாவது நிலத்தில் பங்கு, வேண்டும் என்று கேட்டார்கள். அடங்கிப் போங்கள் என்று மோசே சொல்லவில்லை. நியாயத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றார் கர்த்தர். சட்டமே மாறியது. அந்தப் பெண்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் தேவ சித்தம் அங்கே எப்படித் தெரிந்திருக்கும்?

கோலகங்சார் ரோடு:
1 கொரிந்தியர் 6 என்ன ஆயிற்று? வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகிப்பது மேல் என்கிறாரே பவுல்.

லயத்து வீடு:
அது சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பற்றியது. பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப் போகட்டும் என்று சொன்னவரும் இதே பவுல்தான். அப்புறம் ரோமப் பேரரசனான இராயனுக்கே அபயமிட்டார், அதாவது தன் வழக்கை அவனிடமே மேல்முறையீடு செய்தார்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டையொட்டி உடன்படிக்கை ஆராதனை நடக்கும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-ல் ஆரம்பித்த வழக்கம். இனி நான் உமக்கே சொந்தம், என்னை வேலையில் வைத்தாலும் பாடுகளில் வைத்தாலும், நிறைத்தாலும் வெறுமையாக்கினாலும் சரி என்பதுதான் அந்த ஜெபத்தின் சாரம். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே வெஸ்லி 1774-ல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதினார். 1791-ல், சாவதற்குச் சில நாள் முன்புகூட, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்சுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். அடிமைப்பட்டவர்களின் பாட்டை தேவ சித்தம் என்று அவர் விட்டுவிடவில்லை.

அந்த ஜெபத்தை அவரவர் தனக்காகத்தான் சொல்ல முடியும். என்னை வெறுமையாக்கும் என்று நான் சொல்லலாம். அக்காவுக்காக மூப்பர் அதைச் சொல்ல முடியாது. இன்னொன்று, கெத்செமனேயில் இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று ஆண்டவரும் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொடுத்தார். கேட்கும் இடத்தையே அக்காவிடமிருந்து பறித்துவிட்டோம்.

பழைய தண்டல்:
டீச்சர், மூப்பர் சொன்ன நேரம் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். விஷயம் தவறில்லை. இந்த மாதிரி வழக்குகள் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் தினமும் யார் மேலாவது கோபம். ஜெயித்து, வீடும் வாங்கி, உள்ளுக்குள் கசந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கசப்புக்கு யார் பொறுப்பு?

லயத்து வீடு:
கசப்பு வரும், உண்மை. ஒன்றும் கேட்காமல் வெளியேறி, ஈப்போவில் வாடகை கட்ட முடியாமல் தவிப்பவருக்கும் அது வரும். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கைப் போட்டுவிட்டு முடிவைக் கர்த்தர் கையில் விடலாமே. சும்மா இருந்துகொண்டு ஒப்புக்கொடுப்பதைவிட அது கடினம். அதற்குச் சபை பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆயாக்கொட்டகை:
ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சரும் நானும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தண்டல் ஐயா, நீங்களும் வாருங்கள். உங்கள் மகனைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.

பழைய தண்டல்:
வருகிறேன்மா. ஆனால் வழக்கு வேண்டாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டால் அதையும் சொல்வேன்.