புதிய .22 சப்ரஸர் கைக்கு வந்துவிட்டது, எந்தப் பிஸ்டலில் மாட்டுவது?

கரிசல்காட்டான் (ஆஸ்டின், டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். சப்ரஸருக்கான (துப்பாக்கி நுனியில் திருகும், சத்தத்தைக் குறைக்கும் குழல்) 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் என்றதும் நானும் ஒரு .22 சப்ரஸருக்கு 4ஆம் படிவம், அதாவது அதை என் பெயருக்கு மாற்றும் மத்திய அரசு விண்ணப்பம், போட்டேன். ஒப்புதல் வந்து, சனிக்கிழமை கடையில் எடுத்து வந்தேன். ஐந்து அங்குல நீளம், ஒரு அங்குல விட்டம், கையில் வைத்தால் இரண்டு எலுமிச்சம்பழ எடைதான்.

சிக்கல் என்னவென்றால், என்னிடம் இருப்பது 9 மி.மீ. கிளாக் 19 மட்டும். அதற்கு மரை போட்ட பேரல் தனியாகக் கிடைக்கிறது, மரை 1/2×28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று). என் சப்ரஸரின் மரையும் அதே 1/2×28. அப்படியானால் பேரல் மட்டும் வாங்கினால் போதாதா? "பெட்டகத்தில் ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு" என்கிறாள் மனைவி. நாளைக்கே பேரலுக்கு ஆர்டர் போடலாமா?

ஹூஸ்டன் மாமா

தம்பி, போடாதீர்கள். மரை பொருந்துகிறது என்பதால் திருகினால் ஏறிவிடும், ஆபத்தே அங்கேதான். .22 தோட்டா 5.7 மி.மீ. சுமார், உங்கள் கிளாக்கின் தோட்டா 9 மி.மீ. அந்தக் குழலின் உள்ளே இருக்கும் தடுப்புகளின் ஓட்டை .22க்காகத் துளைத்தது. முதல் குண்டிலேயே குழல் பிய்ந்து போகும், உங்கள் கையும் முகமும் பக்கத்திலேயே இருக்கும். 1/2×28 என்பது அமெரிக்காவில் .22க்கும் 9 மி.மீ.க்கும் பொதுவான மரை. இந்த ஒற்றுமையை நம்பி மோசம் போனவர்கள் உண்டு.

9 மி.மீ. சப்ரஸரே வாங்கியிருந்தால்கூட கிளாக்கில் நேராக மாட்டிச் சுட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் அதன் பேரல் பின்னால் நகர்ந்து, பின்பக்கம் கீழே சாய்ந்துதான் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே பின்னோக்கி ஓடும் பாகம்) விடுவிக்கும். நுனியில் எடை தொங்கினால் சாய மறுக்கும். அதனால் ஸ்பிரிங் வைத்த பூஸ்டர் வேண்டும். .22 பிஸ்டல்களில் பெரும்பாலும் பேரல் அசையாது, பூஸ்டர் தொல்லை இல்லை. மனைவியிடம் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

கரிசல்காட்டான்

மாமா, நல்லவேளை கேட்டேன். கைகூட நடுங்கிவிட்டது. சரி, .22 பிஸ்டல் என்றால் எது? கடையில் மூன்று கம்பெனிப் பெயர் சொன்னார்கள்: ரூகர், டாரஸ், சிக்.

கருப்பட்டிக்காபி (அட்லாண்டா)

தம்பி, அக்கா சொல்வதைக் கேளுங்கள், என் வீட்டில் இரண்டு இருக்கின்றன.

ரூகர் மார்க் IV 22/45 லைட். வேறு எதையும் பார்க்காமல் இதையே எடுங்கள் என்பேன். 4.4 அங்குல பேரல், நுனியில் 1/2×28 மரை கடையிலிருந்தே வருகிறது, அடாப்டர் தேட வேண்டாம். பேரல் உடலோடு இறுக்கியது, உள்ளே போல்ட் (தோட்டாவை ஏற்றி, காலி ஓட்டை வெளியே தள்ளும் பாகம்) மட்டும் முன்னும் பின்னும் ஓடும். பின்பக்கம் ஒரு பொத்தான், அழுத்தினால் மேல்பாகம் அப்படியே தூக்கிக்கொண்டு வரும். பழைய மார்க் III வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், கழற்றிய பிறகு மாட்டத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். அதை 2016இல் மார்க் IV வந்து தீர்த்தது. ஒரு குறை, மேகசினில் 10 தோட்டாதான்.

டாரஸ் TX22 மலிவு, 16 தோட்டா, கைக்கு லேசு. சிக் P322 20 தோட்டா, கிளாக் பழகிய கைக்கு உடனே பிடிக்கும். இரண்டிலும் அடாப்டர் திருகித்தான் சப்ரஸர். அது தோட்டாவின் பாதையில் இன்னொரு மூட்டு, அங்கே தளர்ந்தால் எல்லாமே கோணலாகும். எனக்கு அது பிடிக்காது.

பழையதாக மார்க் IV வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். 2017 ஜூன் 1க்கு முன் தயாரானவற்றைக் கம்பெனி பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஓமலூர்க்காரன் (நியூ ஜெர்சி)

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கும் இது கிடைக்குமா?

ஹூஸ்டன் மாமா

நியூ ஜெர்சியில் சப்ரஸரே கிடையாது நண்பரே, கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸிலும் அப்படித்தான். அதோடு எச்1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டமே தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை வக்கீலிடம் கேட்காமல் இங்கே கேட்டு இறங்காதீர்கள், விசா போய்விடும். கரிசல்காட்டான் கிரீன் கார்டு என்று முன்னமே சொல்லியிருக்கிறார், அவர் கதை வேறு.

கரிசல்காட்டான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்ன ரூகர்தான். இன்று ரேஞ்சில் முதல் நாள். இரண்டு பிரச்சினை. ஒன்று, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் பாதியில் நிற்கிறது, காலி ஓடு வாயில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. நானே கையால் இழுத்து விடுகிறேன். இரண்டு, முதல் குண்டு மட்டும் சத்தமாக இருக்கிறது, அடுத்தவை அமைதி. சப்ரஸர் பழுதா?

கருப்பட்டிக்காபி (அட்லாண்டா)

தோட்டாப் பெட்டியில் வேகம் எவ்வளவு போட்டிருக்கிறது?

கரிசல்காட்டான்

710. "அமைதி" என்று பெரிதாக எழுதியிருந்ததால் எடுத்தேன்.

கருப்பட்டிக்காபி (அட்லாண்டா)

அதுதான் விஷயம். நொடிக்கு 710 அடி என்றால் போல்ட்டைத் தள்ளக்கூட அதில் தெம்பு இல்லை. அது கையால் இழுக்கும் ரைஃபிளுக்கானது. சாதாரண 1070 அடித் தோட்டாவைப் போடுங்கள். ஒலியின் வேகம் சுமார் 1125 அடி, அதைத் தாண்டினால்தான் சாட்டையடி மாதிரி வெடிக்கும். பெட்டியில் எழுதியிருப்பது ரைஃபிளின் நீளப் பேரலில் அளந்தது, உங்கள் 4.4 அங்குலத்தில் இன்னும் குறையும். பிஸ்டலுக்கென்று விலை கூடிய சப்சானிக் (ஒலியைவிட மெதுவான தோட்டா) தேடவே வேண்டாம்.

முதல் குண்டுச் சத்தம் பழுது இல்லை. குழலுக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் மிச்ச வாயு எரிகிறது. அது தீர்ந்ததும் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சுட்டால் திரும்ப வரும்.

சுடும் முன் ஒரு வேலை: துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மேல்பாகத்தைக் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து பேரல் வழியாகப் பாருங்கள். குழல் நுனியின் ஓட்டை, பேரல் வட்டத்தின் நடுவில் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் சுடாதீர்கள்.

கரிசல்காட்டான்

பார்த்தேன், வட்டம் சரி. 1070 போட்டேன், நூறு தோட்டா சிக்கல் இல்லாமல் ஓடியது. இரண்டாவது மேகசினுக்குப் பிறகு குழலைத் தொட்டுப் பார்த்தால் கால் சுற்று தளர்ந்திருந்தது, சூட்டில் விரல் பட்டு "ஆ" என்றேன்.

ஹூஸ்டன் மாமா

எல்லோருக்கும் தளரும். மேகசின் மாற்றும்போதெல்லாம் கையுறையோடு திருகிப் பாருங்கள். அப்புறம் கழுவுவது: .22 ஈயம், அதனால் உள்ளே சாம்பல் நிறத்தில் படிந்துகொண்டே போகும், சில நூறு தோட்டாவுக்கு ஒரு முறை பிரித்தே ஆக வேண்டும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஈயம் கரைந்து, தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சாகும். தடுப்புகள் அலுமினியமா, ஸ்டீலா?

கரிசல்காட்டான்

ஸ்டீல்.

ஹூஸ்டன் மாமா

நல்லது, அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அலையால் அழுக்கு நீக்குவது) தாங்கும். பிரிக்கும்போது வரிசையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டி வேண்டாம், ஈயம்.

கரிசல்காட்டான்

படம் எடுக்காமலே பிரித்துவிட்டேன் மாமா. மேசை மேல் ஏழு தடுப்புகள், எல்லாம் ஒரே மாதிரி.