கூட்டி நீலச் சிலந்திக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கணுமா?

மரப்பொந்து:
யாரோ ஒரு மகாராசா வீடியோ போட்டிருக்கிறார். கூட்டி நீலச் சிலந்திக்கு, அதுதான் நாம் பெட்டியில் வளர்க்கிற பெரிய இந்திய மரச் சிலந்திக்கு, அறிவியல் பெயரில் பொய்சிலோத்தேரியா மெட்டாலிக்காவுக்கு, காலையும் மாலையும் பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். காற்றின் ஈரம் காட்டும் ஈரமானி 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரே வாரத்தில் செத்துப்போகுமாம். அதைப் பார்த்துவிட்டு நேற்று மட்டும் மூன்று பேர் பதறியடித்து எனக்கு எழுதினார்கள். ஒன்பது வருடமாக இங்கே ஜெர்மனியில் வளர்க்கிறேன், ஒருநாளும் தினமும் தெளித்ததில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், பத்து நாளுக்கு ஒருமுறை மண்ணில் ஒரு மூலைக்கு மட்டும் கொஞ்சம், அவ்வளவுதான். தெளிக்காதீர்கள்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
அண்ணை, அந்த மகாராசா நான்தான் என்று உங்களுக்குத் தெரியும், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். லண்டனில் டிசம்பர் மாதம் ஹீட்டர் போட்டுப் பாருங்கள், வீட்டுக் காற்று அப்பளம் மாதிரி நொறுங்கும். தெளித்தால் கண்ணாடியில் நிற்கிற துளியை அது வந்து குடிக்கிறது, இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். ஐந்து சிலந்தி, நாலு வருடம், ஒன்றுகூடச் சாகவில்லை.

மரப்பொந்து:
துளியைக் குடிப்பது குஞ்சு. வளர்ந்தது கிண்ணத்துக்கு வரும். என்னுடையது இரவு பதினொரு மணிக்குப் பெட்டிக்குள் வைத்த மரப்பட்டைக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்து, முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றி, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி அசையாமல் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது மூழ்கிச் செத்துவிட்டதோ என்று பயந்தேன். கிண்ணம் இருக்கும்போது எதற்குத் தெளிப்பது? சுவரெல்லாம் நனைந்து, காற்றும் போகாமல், பூஞ்சை பிடித்து, அப்புறம் "அண்ணை, திடீரென்று கால் மடக்கிச் செத்துவிட்டது" என்று எனக்குத்தான் எழுதுவார்கள். தெளிக்காதீர்கள்.

அரக்கோணம்_லோக்கல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஊர்ப்பெயர் கூட்டி இல்லை சார், குத்தி. அரக்கோணத்திலிருந்து மும்பை ரயிலில் கடப்பா தாண்டிப் போனால் குந்தக்கல்லுக்கு முன்னால் வரும் ஜங்ஷன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படித்துவிட்டுக் கூட்டி, கழித்தி என்கிறீர்கள்.

மரப்பொந்து:
ஐரோப்பா முழுக்கக் கூட்டி என்றுதான் சொல்கிறார்கள். சிலந்திக்கு ஆட்சேபம் இல்லை.

அரக்கோணம்_லோக்கல்:
அது குத்தி ஊர்ச் சிலந்தியே இல்லை, அதுதான் வேடிக்கை. 1899-இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயர் வைத்தது குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து. விறகோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். அப்புறம் நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே நல்லமலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது. அங்கேயும் மரம் வெட்டுகிறார்கள். மிக அருகிவிட்ட இனம் என்று 2008-இலேயே அழிந்துவரும் உயிர்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏற்றியாயிற்று. முதல் ஜோடி எந்த அனுமதிச் சீட்டோடு ஐரோப்பா வந்தது என்று யாராவது சொல்வீர்களா? அதை விட்டுவிட்டுத் தண்ணீர் தெளிக்கலாமா வேண்டாமா என்று பட்டிமன்றம்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
நல்லமலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அப்போ மரம் நனையாதா? யார் அங்கே குடை பிடிக்கிறார்கள்?

மரப்பொந்து:
ஏப்ரல், மே மாதத்தில் அங்கே இலையெல்லாம் உதிர்ந்து 40 டிகிரி அடிக்கும், அப்போ யார் போய்த் தெளிக்கிறார்கள்? அது பொந்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. செங்குத்தாக ஒரு கார்க் பட்டை, பக்கவாட்டில் காற்றுத் துளை, கிண்ணம், முடிந்தது. அனுமதிச் சீட்டுக் கேட்டவருக்கு: என்னுடையது ஐரோப்பாவிலேயே பெட்டியில் பிறந்த குஞ்சு. 2019-இல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குப் போனது எனக்கும் தெரியும், எங்கே பிறந்தது என்ற தாள் கோப்பில் இருக்கிறது.

புதுசு_கண்ணா:
வணக்கம். என் சிலந்தி மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, பட்டையின் வாயை வலையால் அடைத்துவிட்டது. ஏதாவது செய்யணுமா?

தேம்ஸ்கரைத்_தம்பி:
தாள் வைத்திருப்பாராம். அண்ணை, நான் பழசைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜெர்மனியில் ஹாம் நகரச் சிலந்திச் சந்தையில் "பெண் குஞ்சு, பன்னிரண்டு வருடம் இருக்கும்" என்று சொல்லி நீங்கள் கொடுத்தது ஆண். மூன்றாம் வருடம் வளர்ந்து முடித்தது, அலைந்தது, செத்தது. தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

மரப்பொந்து:
ஒரு அங்குலக் குஞ்சில் ஆணா பெண்ணா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, "இருக்கலாம்" என்றுதான் சொன்னேன். எல்லாரும் ஹாமுக்குக் காமாட்சி அம்மன் கோயில் தேர் பார்க்கப் போவார்கள், நீ சிலந்திச் சந்தைக்கு வந்து என் மேசையில் அரை மணி நேரம் பேரம் பேசினாய், அதையும் எழுது. அது சரி, போன வருடம் கையில் கடி வாங்கினாயே, அப்போது கையில் என்ன வைத்திருந்தாய்? தெளிப்பான்! புஸ் என்று முகத்தில் அடித்தால் அது என்ன செய்யும்? அமெரிக்கச் சிலந்தி மாதிரி அரிக்கும் முடியை உதிர்த்துப் பயமுறுத்த இதற்கு வழியில்லை. ஓடும், முடியாவிட்டால் கடிக்கும்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
ஓம், ஒரு வாரம் தசை பிடித்து இழுத்தது, யாரும் இதனால் செத்ததில்லை. கடித்தது தெளித்ததால் இல்லை, கதவை அகலத் திறந்ததால். தெளித்த பிறகுதான் நீலம் பளிச்சென்று இருக்கிறது, படம் போடவா?

மரப்பொந்து:
நீலம் சாயம் இல்லை தம்பி, தண்ணீர் ஊற்றிப் பளிச்சென்று ஆக்க. முடியின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதம் அது. விளக்கை நேராகப் பிடித்தால் என்னுடையதும் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஒரு சொட்டுத் தெளிக்காமல். ஒரு சொட்டு.

அரக்கோணம்_லோக்கல்:
நம்ம ராமேஸ்வரத்தில் இதே பேரினத்தில் ஒன்று இருக்கிறது, 2004-இல் அங்குள்ள அனுமார் கோயில் பெயரையே வைத்து விவரித்தார்கள். அதுவும் அழிவின் விளிம்பில். அதைப் பற்றி ஒரு இழை திறந்தேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே முப்பது பதில். இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து சைட்டிஸ் பட்டியல் உயிரெல்லாம் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, இங்கிருந்து குஞ்சு கிடைக்குமா என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
நான் அனுப்பவில்லை.

அரக்கோணம்_லோக்கல்:
நான் யாரையும் சொல்லவில்லையே.

புதுசு_கண்ணா:
இன்று காலை வலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன், மல்லாந்து கிடக்கிறது. கால் மெதுவாக அசைகிறது. நேற்று வீடியோவில் சொன்னபடி நன்றாகத் தெளித்தேன்.

மரப்பொந்து:
கண்ணா, கையை வைக்காதே. தோல் உரிக்கிறது. விலக்காதே, ஊதாதே, தீனிப் பூச்சி உள்ளே இருந்தால் மட்டும் வெளியே எடு, முடிந்து ஒரு வாரம் தீனி போடாதே. பார்த்தீர்களா, தெளித்தாராம்! இதைத்தான் மூன்று நாளாகக் கத்துகிறேன்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
தெளித்ததால்தான் ஈரம் கிடைத்துச் சுலபமாக உரிக்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது?

மரப்பொந்து:
ஏனென்றால் போன மாதம் என்னுடையது கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரித்தது. தோலை விரித்து, உட்புறம் பார்த்துப் பெண் என்றும் உறுதி செய்துவிட்டேன், படம் போடுகிறேன். கிண்ணமும் படத்தில் இருக்கும்.

தேம்ஸ்கரைத்_தம்பி:
பெண் என்று நீங்கள் சொன்னால் சரிதான் அண்ணை. ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

மரப்பொந்து:
படம் ஏறவில்லை, அளவு பெரிதாம். இரவுக்குள் போடுகிறேன். அதுவரை யாரும் தெளிக்காதீர்கள்.